நியூ எக்ஸ்-மென் தொகுப்பு: குயிட்லி வரையாத பக்கங்கள் எப்படி?

மார்வெல் நிறுவனத்துக்காகக் கிராண்ட் மாரிசன் எழுதிய நியூ எக்ஸ்-மென் காமிக்ஸ் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், கதையைப் பாராட்டி முடிப்பதற்குள் ஒரு புலம்பல் வந்துவிடும்: "எல்லாத்தையும் ஃப்ராங்க் குயிட்லியே வரைஞ்சிருக்கக் கூடாதா?" அந்தப் புலம்பலில் பெரும்பங்கு இன்னொரு ஓவியரான இகோர் கோர்டே தலையில் விழும். தொகுப்பை வாங்க நினைக்கும் புது வாசகர்கள் இதைக் கேட்டுத் தயங்குவதால், இந்த விமர்சனத்தைக் கதையைப் பற்றி அல்லாமல், முக்கிய ஓவியருக்குப் பதிலாக நடுவில் வந்துபோன ஃபில்-இன் ஓவியர்களைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 2001 முதல் 2004 வரை, 114-ஆம் இதழ் தொடங்கி 154 வரை மொத்தம் 41 இதழ்கள். அதில் குயிட்லி வரைந்தவை 10 மட்டுமே: 114 முதல் 116, 121, 122, 126, பிறகு 135 முதல் 138. ஃபில் ஹிமெனெஸ் 9, கோர்டே 7, ஈதன் வான் ஸ்கைவர், கிறிஸ் பச்சாலோ, மார்க் சில்வெஸ்ட்ரி ஆளுக்கு 4, ஜான் பால் லியோன் 2, கெரோன் கிராண்ட் 1. தனியாக வந்த 2001 ஆண்டு மலரை வரைந்தவர் லைனில் ஃப்ரான்சிஸ் யூ. அட்டையில் குயிட்லியின் மஞ்சள் எக்ஸ் போட்ட தோல் ஜாக்கெட்டைப் பார்த்து வாங்குபவருக்கு உள்ளே நாலில் ஒரு பங்குதான் குயிட்லி. ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. அது நியாயமான ஏமாற்றம்தான்.

ஆனால் ஏன் அப்படி ஆனது என்று தெரிந்துகொண்டு படித்தால் பார்வை மாறும். மாதாந்திர அமெரிக்க காமிக்ஸ் என்றால் சுமார் 22 பக்கம். மாதத்தில் வேலை நாட்களும் ஏறக்குறைய 22. அதாவது பென்சில் ஓவியர் நாளுக்கு ஒரு பக்கம் தந்தால்தான் வண்டி ஓடும். அவருக்குப் பின்னால் இங்க் போடுபவர், வண்ணம் தீட்டுபவர், எழுத்துப் பொறிப்பவர், அச்சகம் என்று வரிசையாகக் காத்திருக்கிறார்கள். ஓர் இதழுக்கு இரண்டே நாள் தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது இதழில் அது 20 நாளாகி, கிட்டத்தட்ட ஓர் இதழே காணாமல் போயிருக்கும். குயிட்லியின் கோடு மெல்லியது. நிழலில் எதையும் ஒளிக்காது, துணி மடிப்பையும் விரல் மூட்டையும் ஒவ்வொன்றாக வரைந்தாக வேண்டும். அந்தக் கோட்டை அவசரப்படுத்த முடியாது.

கெடு தவறும்போது எடிட்டருக்கு இருக்கும் வழிகள் குறைவு. இதழையே தள்ளிப்போடலாம். அதே மார்வெலில் அல்டிமேட்ஸ் முதல் தொடரின் 13 இதழ்கள் 2002-இல் தொடங்கி 2004-இல்தான் முடிந்தன, ஓவியர் பிரயன் ஹிட்ச்சுக்காகக் காத்திருந்தார்கள். 2006-இல் சிவில் வார் தாமதமானபோதும் ஓவியர் ஸ்டீவ் மக்நிவனை மாற்றாமல் இதழைத் தள்ளிவைத்தார்கள், அதோடு இணைந்த மற்ற இதழ்களும் சேர்ந்து தள்ளிப்போயின. குயிட்லிக்கு நேரம் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஆல்-ஸ்டார் சூப்பர்மேன் சாட்சி: 12 இதழ்கள், 2005 கடைசி முதல் 2008 வரை, வேறு பென்சில் ஓவியர் கிடையாது. நியூ எக்ஸ்-மென்னோ கடைக்கு மாதம் தவறாமல் வந்தாக வேண்டிய முன்னணி இதழ். கடைக்காரர்கள் மாதக்கணக்கில் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்துவிடுவார்கள். அதனால் இங்கே ஃபில்-இன் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தத் தேர்வின் விலை நன்றாகத் தெரியும் இடம் 122 முதல் 126 வரையிலான ஐந்து இதழ்கள். ஷியார் என்ற வேற்றுக்கிரகப் பேரரசின் படை எக்ஸ்-மென் பள்ளிக்கூடத்தின் மேல் பாயும் ஒரே கதை. 122 குயிட்லி, 123 வான் ஸ்கைவர், 124, 125 கோர்டே, 126 மறுபடி குயிட்லி. இதற்கு முந்தைய 121-ஆம் இதழ், குழுவைச் சேர்ந்த ஜீனும் எம்மாவும் பள்ளியின் தலைவர் சேவியரின் மனதுக்குள் இறங்கும் கதை, ஏறக்குறைய வசனமே இல்லாமல் சித்திரத்தால் மட்டுமே சொல்லப்பட்டது. கண் அந்த நுணுக்கத்துக்குப் பழகிய பிறகு 124-ஐத் திறந்தால் தூக்கிவாரிப்போடும். குழுவில் ஒருவரான பீஸ்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். குயிட்லி கொடுத்த புதிய பூனை முகம் மெல்லிய மயிர்க்கோடுகளால் ஆனது, கண்ணில் சோகம் தெரியும். கோர்டேயிடம் அதே முகம் தடித்த தூரிகைக் கருமையாக, கனமான மிருகமாக மாறிவிடுகிறது. எம்மாவும் ஜீனும் பத்து வயது மூத்துவிட்ட மாதிரி இருக்கிறார்கள். சண்டைக் காட்சியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே சில இடங்களில் பிடிபடவில்லை. ரசிகர்கள் கொதித்ததில் ஆச்சரியம் இல்லை, உச்சக்கட்டத்துக்கு முந்தைய இரண்டு இதழ்கள் இவை.

ஆனால் அந்தக் கோபம் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறது: ஒருவரின் பாணி, ஒருவரின் அவசரம். இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழிகள் உண்டு. அவசரம் என்றால் முதலில் பின்னணி காணாமல் போகும். அறை, சுவர், ஜன்னல் எல்லாம் போய் வண்ணக்காரர் பூசிய வெறும் நிறச்சாய்வு மட்டும் நிற்கும். அடுத்து கால்கள். ஆட்கள் முழங்காலோடு வெட்டப்பட்டே வருவார்கள், தரையில் நிற்கும் உருவத்தை வரைய இடக்கணக்கு பார்க்க வேண்டுமே. பக்கத்துக்கு ஐந்தாறு பேனல் (படக்கட்டம்) இருந்த இடத்தில் மூன்று பெரிய பேனல் வரும். தூரத்தில் இருப்பவர்கள் முழுக் கருப்பு நிழலுருவாகிவிடுவார்கள். ஒரே தலை, ஒரே கோணம், வெவ்வேறு வசனம். இவற்றில் மூன்று நான்கு ஒரே பக்கத்தில் தென்பட்டால் அந்தப் பக்கம் கெடுவுக்கு ஓடிய பக்கம். தடித்த கருமை, பருத்த உடல், சுருக்கம் விழுந்த முகம் இதெல்லாம் அவசரம் அல்ல. அது கோர்டேயின் கை. பிடிக்கவில்லை என்று சொல்ல உரிமை உண்டு, "வரையத் தெரியாது" என்று சொல்வது தப்பு.

தெரியாதவராக இருந்தால் 128 முதல் 130 வரை அவரால் வந்திருக்காது. ஃபான்டோமெக்ஸ் என்ற புதிய பாத்திரம் அறிமுகமாகும் இந்தக் கதை பாரிஸிலும், இங்கிலிஷ் கால்வாய்க்கு அடியில் ஓடும் சுரங்கப்பாதையிலும் நடக்கிறது. வெள்ளை உடுப்புக்காரன் ஒருவன், இருட்டுக் குகை, ரயில், பிசுபிசுப்பான பயங்கரம். கோர்டேயின் கருமைக்கென்றே தைத்த கதை போல இருக்கிறது. முகபாவங்கள் திருத்தமாக இருக்கின்றன, இடம் எங்கே என்பது தெளிவாகத் தெரிகிறது. தன்னை எவ்வளவு குறுகிய நாட்களில் வரையச் சொன்னார்கள் என்பதைக் கோர்டே பின்னர் பேட்டிகளில் பேசியிருக்கிறார். அதே காலத்தில் அவர் கேபிள் இதழையும் வரைந்துகொண்டிருந்தார். பிறகு பிரான்ஸில் டெல்கூர் பதிப்பகத்துக்காக அவர் வரைந்த சரித்திரத் தொடரின் பக்கங்களைப் பார்த்தவர்கள், இந்த மனிதரின் உண்மையான உயரம் என்ன என்பதைத் தெரிந்துகொள்ளலாம். 124, 125 இதழ்களுக்கான திட்டு நியாயமாகச் சேர வேண்டியது அட்டவணை போட்டவர்களுக்கு.

ஃபில்-இன்னை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு உதாரணமும் இதே தொகுப்பில் இருக்கிறது. 127-ஆம் இதழ். ஜான் பால் லியோன் பென்சில், பில் சின்கெவிச் இங்க். பெரிய கதை முடிந்த கையோடு வரும் தனிக்கதை. எக்ஸ்-மென்னில் சேர்ந்த ஸோர்ன் ஒருவரை மட்டும் பின்தொடர்ந்து, பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்ட ம்யூட்டன்ட்கள் வாழும் நியூயார்க் பேட்டைக்குள் போகிறது. முந்தைய இதழின் முகங்களோடு ஒப்பிடவே வாய்ப்பில்லை, ஏனென்றால் கதாநாயகனுக்கு முகமே இரும்பு முகமூடிதான். தெரு, படிக்கட்டு, ஜன்னல் எல்லாம் பாதி கருப்பில் மூழ்கியிருக்க, ஒரு சிறுவனுக்கு நேரும் கொடுமை நெஞ்சைப் பிசைகிறது. கடைசிப் பக்கங்களில் லியோன் கூட்டத்தை வரைந்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள்: ஒவ்வொரு நிழலுருவுக்கும் தனி நிற்பு, தனித் தோள்சாய்வு. மேலே சொன்ன "அவசர நிழலுரு"வுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே புரியும். 41 இதழ்களில் எனக்குப் பிடித்த முதல் ஐந்தில் இது நிச்சயம் உண்டு.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக. வான் ஸ்கைவர் நுணுக்கத்தில் குயிட்லிக்குப் பக்கத்தில் வருகிறார், அதனால் 117, 118-இல் மாற்றம் உறுத்தவில்லை. ஹிமெனெஸ் ஃபில்-இன் என்று சொல்ல முடியாதபடி 139 முதல் 150 வரை பெரும்பாலான இதழ்களை வரைந்துவிட்டார். சுத்தமான, நெரிசலான பக்கங்கள், படிக்கத் தடங்கலே இல்லை. பச்சாலோவின் நான்கு இதழ்களில் பேனல் வரிசை சில இடங்களில் கண்ணைச் சுற்றவைக்கும். மெதுவாகப் படியுங்கள். சில்வெஸ்ட்ரியின் எதிர்காலக் கதை தனி உலகம், அங்கே ஓவியர் மாறியது கதைக்கே பொருத்தம். 134-இல் கெரோன் கிராண்டின் கார்ட்டூன் சாயல் மட்டும் அடுத்த கதைக்கான முன்னோட்டத்தோடு ஒட்டவில்லை. பள்ளி மாணவன் க்வென்டின் க்வயர் பாதை மாறும் முக்கியமான இதழ் அது. உடனே 135-இல் குயிட்லி வந்து அதே பையனை வரையும்போது வேறு ஆளோ என்று தோன்றுகிறது.

எந்தப் பதிப்பு வாங்கலாம்? எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய ஆம்னிபஸ் ஏறக்குறைய 1000 பக்கம். அலமாரிக்கு அழகு, மடியில் வைத்துப் படிக்கக் கஷ்டம். ஆண்டு மலர் முழுக்கக் கிடைமட்டமாக வரையப்பட்டது என்பதால் அந்தப் பகுதிக்கு அவ்வளவு கனமான புத்தகத்தைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஸோர்ன் அறிமுகமாவது அதில்தான், தாண்டிப் போகாதீர்கள். அல்டிமேட் கலெக்‌ஷன் என்று மூன்று புத்தகங்களாக வந்த பேப்பர்பேக் பதிப்பு கைக்கு வசதி. முதல் புத்தகம் 114 முதல் 126 வரையும் ஆண்டு மலரும், இரண்டாவது 127 முதல் 141, மூன்றாவது 142 முதல் 154.

ஓவியத்துக்காக மட்டும் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் இரண்டாவது புத்தகத்தைச் சொல்வேன். லியோனின் இரண்டு இதழ்கள், கோர்டேயின் நல்ல மூன்று, குயிட்லியின் நான்கு, ஹிமெனெஸின் நான்கு எல்லாம் அதில் இருக்கின்றன. கதை புரிய முதல் புத்தகம் வேண்டும் என்பதால் புது வாசகர்கள் இரண்டையும் சேர்த்தே எடுங்கள். 124-க்கு வரும்போது ஒரே மூச்சில் தொடராமல் 123-ஓடு நிறுத்தி, மறுநாள் 124 முதல் 126 வரை படியுங்கள். குயிட்லியின் கோடு கண்ணில் நிற்காதபோது கோர்டேயின் பக்கங்கள் பாதிக்குமேல் தேறிவிடுகின்றன.