டிசம்பர் சவாரி: பாக்ஸ் ஹில்லா, லீத் ஹில்லா?

லண்டனுக்குத் தெற்கே, சர்ரே மலைகளில் குளிர்காலத்தில் குழுவாக சைக்கிள் ஓட்டத் திட்டமிட்டால், கடைசியில் கேள்வி இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்.

பாக்ஸ் ஹில் ஏற்றம் சுமார் இரண்டரை கிலோமீட்டர். சராசரிச் சரிவு 5 சதவீதம்தான். 2012 ஒலிம்பிக் சைக்கிள் சாலைப் பந்தயத்தில் ஆண்கள் இந்த ஏற்றம் அடங்கிய சுற்றுப்பாதையை 9 முறை ஓட்டினார்கள். மெதுவாக வருபவர்களும் தங்கள் போக்கில் ஏறலாம்; மேலே சூடான தேநீர் கிடைக்கும்.

லீத் ஹில் 294 மீட்டர் உயரம். அழகு என்றால் எனக்கு இதுதான்: இருபுறமும் மண்கரை உயர்ந்து, மரவேர்கள் வெளியே தெரியும் குறுகலான பள்ளப் பாதைகள். ஆனால் அங்கே வெயில் இறங்காது. காலையில் உறைந்த பனி மதியம் வரை கிடக்கும். ஈர இலைகள் வழுக்கும். வேலியை வெட்டிப் போட்ட முட்கள் டயரில் ஏறும். ஒருவருக்குப் பஞ்சர் என்றால் எல்லோரும் நின்று விறைக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் மாலை 4 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும்.

புதியவர்கள் வந்தால் பாக்ஸ் ஹில்லுக்கே போங்கள். லீத் ஹில்லுக்கு ஆறு பேர் போதும். முந்தைய இரவு உறைபனி விழுந்திருந்தால், அன்றைக்கு வேண்டவே வேண்டாம்.