சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: எந்தக் கார் உண்மையில் சிக்கனம்?

"லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" கார் வாங்கப் போகிறவரிடம் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். கேள்வியில் தப்பில்லை, ஆனால் அந்த எண் கொஞ்சம் ஏமாற்றும். வருடத்துக்கு 10,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். லிட்டருக்கு 10 கி.மீ. தரும் காரை விட்டு 15 தரும் காருக்கு மாறினால் 333 லிட்டர் மிச்சம். 15-லிருந்து 20-க்குப் போனால் 167 லிட்டர். 20-லிருந்து 25-க்கு 100 லிட்டர்தான். ஒவ்வொரு படியிலும் கூடியது அதே 5 கி.மீ.! அந்தக் கடைசி 100 லிட்டருக்கு ஆசைப்பட்டுச் சிக்கலான இன்ஜினை வாங்கி, ஐந்தாறு வருடச் சேமிப்பை ஒரே ரிப்பேரில் கோட்டைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மைலேஜைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, எது கெடும், கெட்டால் எவ்வளவு இழுக்கும் என்று பார்ப்போம்.

முதலில் டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி) இல்லாத சாதா பெட்ரோல். பழைய கொரோலா, யாரிஸ், ஜாஸ், ஸ்விஃப்ட் இவற்றிலெல்லாம் இருந்த, பெட்ரோலை சிலிண்டரின் வாசலான வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கும் எளிய வகை. வால்வின் முதுகில் பெட்ரோல் பட்டுப் பட்டு அது தானாகவே கழுவிக்கொள்ளும். சின்ன டர்போ இன்ஜின்கள் பலவற்றில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது. மேடு ஏறினால் இழுவை பிரமாதம், காகிதத்தில் மைலேஜும் கூடுதல். ஆனால் வால்வைக் கழுவ ஆளில்லாததால் கரி படிகிறது. டர்போவோ கடும் சூட்டில் சுழலும் பொருள். ஆயில் மாற்றத்தை நாலு மாதம் தள்ளிப்போட்டால் சாதா இன்ஜின் பொறுத்துக்கொள்ளும், டர்போ கணக்கு வைத்துக்கொண்டு பழிதீர்க்கும். ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்து ஓட்டினால் அந்தக் காகித மைலேஜும் காணாமல் போகும். செலவு குறைய வேண்டும் என்பதுதான் குறி என்றால், என் ஓட்டு சாதா இன்ஜினுக்கே.

டீசலைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மைலேஜைப் பார்த்து மயங்கி ஒரு டீசல் காரை வாங்கினேன். தினசரி ஓட்டமோ போக வர 6 கி.மீ. சில மாதம் கழித்து ஒரு காலையில் ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால், ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறது. ஆயில் குறைந்து பார்த்திருக்கிறேன், கூடிப் பார்த்தது அன்றுதான். மோந்து பார்த்தால் டீசல் வாடை. விஷயம் இதுதான்: புதிய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க அதற்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அதற்காக இன்ஜின் கூடுதலாக டீசலைத் தெளிக்கிறது. நாம் பாதியிலேயே வண்டியை அணைத்துவிட்டால் எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கிறது. கரியும் எரியவில்லை, ஆயிலும் நீர்த்துப் போயிற்று. தினமும் நெடுஞ்சாலையில் 80, 100 கி.மீ. போகிறவருக்கு இந்தத் தொல்லை அநேகமாக வராது, அவருக்கு டீசல் நல்ல தோழன். கடைக்கும் பள்ளிக்கும் போய்வருகிறவர் பக்கமே போகவேண்டாம்.

ஹைபிரிட் என்றதும், "இன்ஜின், மோட்டார், பேட்டரி எல்லாம் இருக்கே, எல்லாமே கெடுமே" என்று பயப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டொயோட்டா 1997-இல் பிரியஸில் கொண்டுவந்த அமைப்பைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிவரும் சின்னப் பல்சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். இன்ஜினையும் இரண்டு மின்மோட்டார்களையும் இணைப்பது இவ்வளவுதான். கிளட்ச் பிளேட் கிடையாது. தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் கிடையாது. சாதா காரில் தேய்ந்து போகிற பொருட்களில் பல இதில் இல்லவே இல்லை. வேகம் குறையும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரியை ஏற்றுவதால் பிரேக் பேடுகளும் நெடுநாள் உழைக்கும். நெரிசலில் நின்று நின்று போகும்போதுதான் இதன் மைலேஜ் ஜொலிக்கும். நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போனால் சாதா பெட்ரோலுக்கும் இதற்கும் இடைவெளி சுருங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை: பின்கதவில் ஹைபிரிட் என்று ஒட்டியிருப்பதெல்லாம் இந்த ஹைபிரிட் இல்லை. மைல்ட் ஹைபிரிட் என்பதில் மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்குமே தவிர, பொதுவாகத் தனியாகக் காரை நகர்த்தாது. மிச்சமும் அதற்கேற்ப சொற்பம்.

மின்சாரக் காருக்கு ஒரு நேரான கணக்கு உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஆக, லிட்டருக்கு 18 கி.மீ. தரும் கார் யூனிட்டுக்கு 2 கி.மீ. ஓடுகிறது, ஆற்றலில் பெரும்பகுதி சூடாகவே போகிறது. சின்ன மின்சாரக் கார் யூனிட்டுக்கு 6 கி.மீ. ஓடும். அதாவது 3 யூனிட் மின்சாரமும் ஒரு லிட்டர் பெட்ரோலும் ஒரே தூரம். நீங்கள் கட்டும் கட்டணத்தில் 3 யூனிட் என்ன விலை, ஒரு லிட்டர் என்ன விலை என்று போட்டுப் பாருங்கள். வீட்டில் சார்ஜ் செய்தால் பெரும்பாலும் மின்சாரம் ஜெயிக்கும். பொது வேகச் சார்ஜரையே நம்பியிருப்பவருக்கு முடிவு தலைகீழாகவும் வரலாம். ஆயில் மாற்றம், ஸ்பார்க் பிளக் எதுவும் இல்லை. ஆனால் பேட்டரி எடையால் டயர் சீக்கிரம் தேயும், இன்ஷூரன்ஸ் கட்டணத்தையும் கார் வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். பழைய மின்சாரக் கார் என்றால் பேட்டரியை எப்படிக் குளிர்விக்கிறார்கள் என்று கேளுங்கள். 2010-இல் வந்த நிசான் லீஃபில் திரவக் குளிர்விப்பு இல்லை, வெயில் பிரதேசங்களில் அதன் பேட்டரியின் கொள்ளளவு சீக்கிரமே சுருங்கியது.

கியர்பாக்ஸில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. மேனுவலோ, திரவம் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்கோ இருந்தால் நிம்மதி. சிவிடி (தனித்தனி கியர்களுக்குப் பதில் பெல்ட்டும் கப்பிகளும் கொண்ட ஆட்டோமேட்டிக்) என்றால் அதற்குரிய ஆயிலைக் காலாகாலத்தில் மாற்றுங்கள், "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். இரண்டு கிளட்சுகள் மாறி மாறி கியர் போடும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கில், ஆயிலில் முழுகாத உலர் கிளட்ச் வகை நெரிசலில் சூடேறித் தவிக்கும், நான் வாங்க மாட்டேன்.

புதிதா, பழையதா? புதுக் காரில் பெரும்பாலும் பெட்ரோலைவிடப் பெரிய செலவு, கார் நின்றுகொண்டே இழக்கும் மதிப்பு. அது முதல் மூன்று நான்கு வருடத்தில்தான் சறுக்கு மரத்தில் இறங்குவதுபோல இறங்கும். அதனால் என் தேர்வு, சர்வீஸ் நோட்டு ஒழுங்காக இருக்கும் நாலு வயது சாதா பெட்ரோல். நகர ஓட்டமே அதிகம் என்றால் அதே வயது முழு ஹைபிரிட். ஹைபிரிட்டைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் மூடியைத் திறக்கும் முன் பின்சீட்டுப் பக்கம் போங்கள். பல மாடல்களில் பேட்டரி விசிறி காற்று இழுக்கும் துவாரம் அங்கேதான் இருக்கும். உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். தூசியும் நாய் முடியும் திரிதிரியாகக் கையில் வந்தால், அந்தப் பேட்டரி எத்தனை கோடைகளைக் காற்றில்லாமல் கழித்திருக்கிறது என்று விற்பவரிடமே கேளுங்கள்.