தெருமுனை பழைய பேப்பர் கடை: பாதி மூட்டை திரும்பி வந்தது

மூன்று மாதமாகச் சேர்த்த மூட்டையுடன் எங்கள் தெருமுனை பழைய பேப்பர் கடைக்குப் போனேன். செய்தித்தாள், அட்டைப்பெட்டி, கழுவிக் காயவைத்த பால் கவர் எல்லாம் தராசில் ஏறின. சிப்ஸ் பாக்கெட்டுகளைக் கடைக்காரர் ஒரு விரலால் ஒதுக்கினார். "உள்ளே வெள்ளி நிறத்தில் அலுமினியப் பூச்சு இருக்கிறது அம்மா. பிரிக்க முடியாது, யாரும் வாங்க மாட்டார்கள்." ஜூஸ் டப்பாவும் அப்படித்தான், காகிதம், பிளாஸ்டிக், அலுமினியம் மூன்றும் ஒட்டிக் கிடக்கின்றன. பீட்சா அட்டையில் எண்ணெய்க் கறையாம், வேண்டாமாம். ஊறுகாய் பாட்டிலைத் தொடக்கூட இல்லை. கண்ணாடி கனம், விலையோ அற்பம்.

எடையில் ஏமாற்றவில்லை. (முள்ளை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.) கையில் 90 ரூபாய். மிச்ச மூட்டை இப்போது மாடிப்படியின் கீழே கிடக்கிறது.