ரிங்லெட் புத்தகக்கடையில் விற்கும் நீரேற்று மின்நிலைய அறிவியல் பெட்டி: பள்ளிக்கு வாங்கலாமா?

தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுப்பதுதான் நீரேற்று மின்நிலையம்; இது அதன் சின்ன மாதிரி. விலை 69 மலேசிய வெள்ளி. தமிழ்ப்பள்ளிக் கண்காட்சிக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் பிரித்த கையோடு ஓடாது.

உள்ளே 2 லிட்டர் தொட்டி இரண்டு, 60 செ.மீ. உயரத் தாங்கி, 5 வோல்ட் பம்பு, கரண்டி வைத்த சக்கரம், அதோடு சேர்ந்து சுற்றி மின்சாரம் தரும் சின்ன மோட்டார், வெள்ளை எல்இடி விளக்கு. அந்த வெள்ளை எல்இடிதான் முதல் தொல்லை. அது எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். இவ்வளவு குறைந்த உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் சக்கரத்தை அந்த வேகத்துக்குச் சுற்றாது. 2 வோல்ட்டிலேயே எரியும் சிவப்பு எல்இடியை மாட்டுங்கள். அப்படியும் எரியாவிட்டால் எல்இடியின் இரண்டு கம்பிக் கால்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

பம்புக் குழாயின் நுனி மேல்தொட்டித் தண்ணீரில் முங்கியிருந்தால், பம்பை நிறுத்தியதும் ஏற்றிய தண்ணீர் அதே வழியாகக் கீழே இறங்கிவிடும். நுனியை நீர்மட்டத்துக்கு மேலே கட்டுங்கள். இறங்கும் குழாயில் காற்றுக்குமிழ் நின்றால் தண்ணீர் விட்டுவிட்டுப் பீய்ச்சும். முனையை விரலால் அடைத்துக் குழாயைத் தட்டினால் குமிழ் மேலேறிவிடும். பீய்ச்சல் கரண்டியின் நடுவில் விழ வேண்டும்.

பெட்டியின் மேல் ‘மின்சாரம் தயாரிக்கும் கருவி’ என்று போட்டிருப்பது தவறு. இது சேமிக்கும் கருவி. 1 வாட் பம்பு தொட்டியை நிரப்ப 2 நிமிடம் பிடிக்கிறது. செலவாகும் ஆற்றல் 120 ஜூல். மேலே ஏறிய 2 லிட்டரில் இருப்பது 12 ஜூல்தான். எல்இடிக்கு வந்து சேர்வது 1 ஜூல்கூடத் தேறாது. பிள்ளைகள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்ப்பதற்காகவே இதை வாங்கலாம். பெரிய நிலையங்களில் நூற்றுக்கு 70 முதல் 80 வரை திரும்பக் கிடைக்கும், அங்கும் நட்டம்தான். இருந்தாலும், தேவை குறைந்த நேரத்து மின்சாரத்தில் நீரை ஏற்றி, தேவை உச்சத்தில் இருக்கும்போது இறக்குவதால் அந்த நட்டம் கட்டுப்படியாகிறது. கோயம்புத்தூர் மாவட்டத்துக் காடம்பாறை நீரேற்று நிலையத்தில் 100 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு. ஒரு பக்கம் சுற்றினால் பம்பு, மறுபக்கம் சுற்றினால் இறங்கும் நீரில் மின்சாரம் எடுக்கும் விசையாழி. பெட்டியில் இரண்டும் தனித்தனி. இதைப் பிள்ளைகளிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நம்ம கேமரன்மலை சுல்தான் அபு பக்கார் அணை இந்த வகையல்ல. அது தேக்கும் ரிங்லெட் ஏரித் தண்ணீர் சுரங்கம் வழியாக ஜோர் நிலத்தடி நிலையத்துக்கு இறங்குகிறது; திரும்ப ஏற்றுவதில்லை. அங்கே சுற்றுவது பெல்ட்டன் சக்கரம், பெட்டியில் இருக்கும் அதே கரண்டி வகை.

ஊர்ப் பெருமைக்காக ஏரித் தண்ணீரை இதில் ஊற்றிவிடாதீர்கள். வண்டல் 3 மி.மீ. முனையை அடைத்துவிடும். மலைச்சரிவிலிருந்து அடித்துவரும் அதே மண் படிந்துதான் ஏரியின் கொள்ளளவும் சுருங்கியிருக்கிறது. மாற்று முனை கடையில் தனியாகக் கிடைப்பதில்லை.