பாய்மரப் படகில் கைப்பம்ப் டாய்லெட்: ஜோக்கர் வால்வ் மாற்றிய சூட்டோடு

தேவிபட்டினத்து நண்பர் ஒருவர் பழைய பாய்மரப் படகு வாங்கியிருக்கிறார். உள்ளே இருக்கும் கைப்பம்ப் டாய்லெட்டை வைத்துக்கொள்ளலாமா, தூக்கிவிட்டு வேறு போடலாமா என்று கேட்டிருந்தார். கழிவு திரும்பி வராமல் தடுக்கும் ரப்பரான ஜோக்கர் வால்வை மாற்றி முடித்துக் கை கழுவிய சூட்டோடு பதில் எழுதுகிறேன், ஆகவே காரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். கம்பெனி பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. இந்த வகை எதை வாங்கினாலும் உள்ளே இருக்கும் சமாச்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பம்ப் நல்ல பம்ப். ஒரே பிஸ்டன், இரண்டு வேலை. கைப்பிடியை மேலே இழுத்தால் பிஸ்டனுக்குக் கீழே பேசினில் இருப்பது உறிஞ்சப்படும், மேலே நிற்கும் கடல்தண்ணீர் பேசினுக்குள் விழும். கீழே அமுக்கினால் கழிவு வெளியே போகும், அடுத்த அடிக்கான தண்ணீர் மேலே ஏறும். பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் மொத்தத்தையும் பிரித்துவிடலாம். பிஸ்டன் ஓ-ரிங், ஷாஃப்ட் சீல், மேல் வால்வ், கீழ் ஃப்ளாப், ஜோக்கர் எல்லாம் ஒரே சர்வீஸ் கிட்டில் வந்துவிடும். தண்டைச் சுற்றித் தண்ணீர் கசிந்தால் ஷாஃப்ட் சீல். எத்தனை அடித்தாலும் பேசின் காலியாகவில்லை என்றால் கீழ் ஃப்ளாப்பில் ஏதோ சிக்கியிருக்கிறது. அமுக்கிய கைப்பிடி தானாக மேலே எழும்பினால் வெளியேறும் வழியில் அடைப்பு. இவ்வளவு வெளிப்படையாகத் தன் நோயைச் சொல்லும் மெஷின் படகில் வேறு எதுவும் கிடையாது.

கைப்பிடி கடினமானால் எண்ணெய் ஊற்றுவது வழக்கம். தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ நாலு அடியில் கழுவிக்கொண்டு போய்விடும். பம்ப்பின் தலையைக் கழற்றி, சிலிண்டர் சுவரில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகப் பூசினால் ஒரு சீசன் தாங்கும். இன்ஜினுக்குப் போடும் கிரீஸ் வேண்டாம், சில ரப்பரை அது ஊத வைத்துவிடும்.

எரிச்சல் அதற்குப் பின்னால்தான் ஆரம்பிக்கிறது.

பம்ப்பின் அடியிலிருந்து கழிவு வெளியேறும் முழங்கைக் குழாய்க்குள் ஒரு ரப்பர் குழல் உட்கார்ந்திருக்கும். முனையில் கீறல் போட்ட உதடு. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், நிறுத்தினால் மூடும். ஜோக்கர் வால்வ் என்றால் இவ்வளவுதான். போனது திரும்பி வராமல் தடுப்பது இது ஒன்றுதான். புதிதாகப் போட்டதும் அருமையாக மூடும். இந்தக் கடலின் சூட்டில் ஆறு மாதம் உழைத்தால் பெரிய விஷயம். அதன் பிறகு ராத்திரி காலியாக விட்ட பேசினில் காலையில் பழுப்புத் தண்ணீர் நிற்கும். வீட்டு ஆட்கள் படகு ஏறும் நாளாகப் பார்த்து நிற்கும்.

அந்த ஆறு மாதத்தையும் ஆறு வாரமாக்க நம் ஆட்களிடம் ஒரு வழி இருக்கிறது: பினாயில். டாய்லெட் என்றால் பினாயில் ஊற்றியே தீர வேண்டும் என்பது ஊறிப்போன பழக்கம். கடையில் விற்கும் வெள்ளைப் பினாயிலின் சரக்கே பைன் எண்ணெய்தான், ரப்பருக்கு அது ஆகாது. பினாயில் குடித்த ஜோக்கரைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள்: உதடு கடல் அட்டை மாதிரி உப்பி வழுவழுவென்று கிடக்கும், கீறல் வாய் கோணிப் பிளந்திருக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசல் நேர் எதிர், ரப்பரை விறைக்க வைத்துவிடும். பேசினைத் தேய்க்கப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் போதும். படகைக் கழுவ வரும் பையனிடம் இதை வாயால் சொன்னால் பத்தாது, பினாயில் பாட்டிலையே படகில் ஏற்றக் கூடாது.

இரண்டாவது எதிரி சுண்ணாம்புப் படிவு. ஒரு லிட்டர் கடல்தண்ணீரில் மெக்னீசியம் சுமார் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம் இருக்கிறது. கழிவு ஹோஸுக்குள் தேங்கிய சிறுநீரில் பாக்டீரியா வேலை செய்ததும் அமோனியா உண்டாகி, காரத்தன்மை ஏறும். உடனே இந்த உப்புகள் பாஸ்பேட்டாகவும் கார்பனேட்டாகவும் இறுகிச் சுவரில் ஒட்டும். 38 மி.மீ. ஹோஸ் மெல்ல மெல்லச் சுருங்கி விரல்கூட நுழையாத அளவுக்கு வந்துவிடும். அதே படிவு ஜோக்கரின் உதட்டில் மணல் மணலாக உட்கார்ந்தால் மூடவே மூடாது.

காரணம் தெரிந்தால் தடுப்பது கணக்குதான். 38 மி.மீ. ஹோஸ் ஒரு மீட்டரில் 1.1 லிட்டர் பிடிக்கும். மூன்று மீட்டர் ஹோஸ் என்றால் 3.4 லிட்டர். உங்கள் பம்ப் ஓர் அடிக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று பக்கெட்டில் பத்து அடி அடித்து அளந்துகொள்ளுங்கள். அந்த 3.4 லிட்டர் முழுக்க வெளியேறும் வரை அடித்தால்தான் ஹோஸில் நல்ல தண்ணீர் நிற்கும். பேசின் பளிச்சென்று ஆனதும் கையை எடுத்துவிடுகிறோம், பாதிச் சரக்கு ஹோஸிலேயே தங்கிவிடுகிறது. வாரம் ஒரு தடவை வெள்ளை வினிகர் அரை லிட்டரை இழுத்து ராத்திரி முழுக்க நிறுத்தினால் புதுப் படிவு இளகும். கல்லாக இறுகிப்போனதற்கு வினிகர் பத்தாது. ஹார்டுவேர் கடை ஆசிட் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு; தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றி அல்ல. பிளீச்சிங் பக்கத்திலேயே வரக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். படகுக்குள் அந்த வேலையே வேண்டாம் என்பது என் கட்சி. ஹோஸைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து சிமெண்டுத் தரையில் நாலு அறை அறைந்தால் படிவு தகடு தகடாக உதிரும்.

பேசினில் தண்ணீர் ஏறினால் உடனே ஜோக்கரைக் குறை சொல்லாதீர்கள். படகின் உடலில் கடல்தண்ணீர் உள்ளே வரும் ஓட்டையில் இருக்கும் வால்வை மூடுங்கள். அப்படியும் பழுப்பாக ஏறினால் ஜோக்கர்தான். மூடியதும் நின்றுவிட்டால், ஏறியது வெளிக் கடல்தண்ணீர். பேசின் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் படகில் இது வாடைப் பிரச்சினை இல்லை, படகே முழுகும் பிரச்சினை. சைஃபன் உடைக்கும் வளைவு (கடல்தண்ணீர் தானாக உள்ளே இழுபடாமல் இருக்க ஹோஸை மேலே தூக்கி வளைத்த இடம்) படகு சாயும்போதும் தண்ணீர்மட்டத்துக்கு மேலே நிற்கிறதா, அதன் உச்சியில் இருக்கும் சின்ன வால்வில் உப்பு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீரில் அலசினாலே சரியாகிவிடும். எல்லாம் சரியாக இருந்தாலும் வேலை முடிந்ததும் உள்ளே வரும் வால்வ், வெளியேறும் வால்வ் இரண்டையும் மூடிவிட்டு எழுவதுதான் பழக்கமாக வேண்டும்.

ஜோக்கர் மாற்றும் வேலை அரை மணி நேரம்தான், முன்னேற்பாடு செய்திருந்தால். முதலில் கடல்தண்ணீர் நிறைய அடித்து, அரை பக்கெட் நல்ல தண்ணீரும் அனுப்பிவிடுங்கள். இரண்டு வால்வையும் மூடி, பம்ப்பின் லீவரைக் கடல்தண்ணீர் இழுக்காத 'காய்ந்த' பக்கம் தள்ளுங்கள். ஹோஸ் கிளிப்பைத் தொட வேண்டாம். பம்ப்போடு முழங்கையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை மட்டும் கழற்றி, முழங்கையை ஹோஸோடு அப்படியே தூக்கிப் பிடியுங்கள். தாழ்த்தினால் மீட்டருக்கு 1.1 லிட்டர் கணக்கு உங்கள் மடியில் தீரும். உட்காரும் இடத்தில் ஒட்டிய படிவைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள், இரும்பு பட்டால் கீறல் விழுந்து கசியும். புது வால்வின் உதடு ஹோஸ் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் பம்ப் அடிக்கவே முடியாது. ஸ்க்ரூ பிளாஸ்டிக்கில் இறங்குகிறது, எனவே முதலில் இடப்பக்கம் சுற்றி, பழைய மரையில் 'டக்'கென்று விழுந்த பிறகு முறுக்குங்கள். பவர் டூல் கூடாது.

வாடை வேறு கதை. மூன்று நாள் பூட்டிக் கிடந்த படகில் முதல் பம்ப்புக்கு அழுகின முட்டை நாற்றம் வந்தால் கழிவு ஹோஸைச் சந்தேகப்படாதீர்கள். உள்ளே வரும் 19 மி.மீ. ஹோஸில் தேங்கிய கடல்தண்ணீர்தான் காரணம். மண்டபம் பக்கம் தண்ணீரில் கடற்புல் துணுக்கு சாதாரணம். அதுவும் மிதவை உயிரும் காற்றில்லாமல் அழுகி ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புகிறது. உள்ளே வரும் வழியில் ஒரு வலைவடிகட்டி, கூடவே வாஷ்பேசின் வடிகால் ஹோஸை ஒரு 'T' இணைப்பு போட்டு இதே லைனில் சேர்ப்பது, இரண்டும் செய்தால் தீர்ந்தது. கிளம்புமுன் கடல் வால்வை மூடி, வாஷ்பேசினை நிறைத்துப் பம்ப் அடித்தால் லைன் முழுக்க நல்ல தண்ணீர். கழிவு ஹோஸ் நாறுகிறதா என்று பார்க்க, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன் மேல் சுற்றி, ஆறின பிறகு துணியை மோந்து பாருங்கள். துணி நாறினால் ஹோஸ் சுவரே ஊறிப்போய்விட்டது, கழுவிப் பயனில்லை. மோட்டாருக்குப் போடும் பச்சை சக்‌ஷன் ஹோஸ் இந்தச் சோதனையில் சீக்கிரம் தோற்கும்.

சரி, பம்ப் வேண்டாம் என்றால் என்ன? இணையத்தில் வெள்ளைக்காரர்கள் பிரித்து வாங்கும் உலர் டாய்லெட்டைப் புகழ்கிறார்கள். சிறுநீர் தனி, மலம் தனி, மேலே தேங்காய் நார்த்தூள். நார்த்தூளுக்கு நமக்கா பஞ்சம்? ஆனால் அவர்கள் காகிதத்தால் துடைக்கிறார்கள், நாம் கழுவுகிறோம். ஒரு மக் தண்ணீர் தூளில் விழுந்தால் அது சேறு, அன்றைக்கே ஈ. ஆடுகிற படகில் எழுந்து நகர்ந்து வேறு இடத்தில் கழுவச் சொல்லி விருந்தாளியிடம் பாடம் எடுக்க முடியாது. கழுவுவதால் பம்ப்பில் காகிதம் அடைக்கும் தொல்லை நமக்கு இல்லை என்பது ஒன்றே லாபம்.

கழிவைப் படகிலேயே சேர்த்து வைக்கும் ஹோல்டிங் டேங்கிலும் இதே தண்ணீர்க் கணக்குதான் உதைக்கிறது. பம்ப் இழுப்பது நாலு லிட்டர், கழுவ இரண்டு மக், ஆளுக்கு ஒரு தடவைக்கு ஆறு லிட்டர். 40 லிட்டர் டேங்க் ஏழு தடவைக்குள் முடிந்தது. நிறைந்ததை எங்கே கொட்டுவது? கரையில் டேங்கை உறிஞ்சி எடுக்கும் வசதி ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் எங்கும் என் கண்ணில் பட்டதில்லை. பெரிய கப்பல்களுக்கான சர்வதேச விதி, சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் விடச் சொல்கிறது. சின்னப் படகை அது கட்டுப்படுத்தாது என்றாலும் அளவுகோலாக வைத்துப் பாருங்கள். 12 கடல் மைல் என்றால் 22 கி.மீ. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாரே சுமார் 30 கி.மீ.தான், எல்லைக்கோடு நடுவில். தெற்கே போனால் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள். வடகிழக்குக் காற்றான வாடைக்கும் தென்மேற்குக் காற்றான கச்சானுக்கும் ஏற்பப் படகைப் பாலத்தின் மறுபக்கம் மாற்றும்போது பாம்பன் ரயில் பாலம் தூக்கும் வரை நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டும், பக்கத்திலேயே வலை இழுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தண்ணீரில் பம்ப் அடிக்கிறவனுக்கு மனசாட்சி தடித்திருக்க வேண்டும்.

ஆகவே நண்பருக்கு என் சிபாரிசு, 20 லிட்டர் அடிப்பெட்டி உள்ள போர்ட்டபிள் டாய்லெட். ஹல்லில் (படகின் உடலில்) ஓட்டை இல்லை, ஜோக்கர் இல்லை. செடிக்குத் தெளிக்கும் இரண்டு லிட்டர் ஸ்ப்ரேயரை மக்குக்குப் பதில் வைத்தால் கால் லிட்டர், அரை லிட்டரில் கழுவி முடித்துவிடலாம், பத்துப் பன்னிரண்டு தடவை தாங்கும். நிறைந்தால் 20 கிலோவுக்கு மேல். ஜெட்டிப் படியில் தூக்க வேண்டும், முக்காலிலேயே எடுத்துவிடுங்கள். செப்டிக் டேங்க் உள்ள கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும், எனவே ஃபார்மலின் கலந்த மருந்து வேண்டாம். அடிப்பெட்டியின் வாயை மூடும் தள்ளு கதவின் ரப்பருக்கு மாதம் ஒரு முறை சிலிக்கான் கிரீஸ். படகில் தரையோடு பெல்ட் போட்டுக் கட்டாவிட்டால் ஒரு நல்ல அலையில் உருளும். குந்தி உட்கார ஏறுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மேல்பலகை தாங்காது.

பம்ப்புக்கு முழு மார்க், ஆனால் வாங்காதீர்கள். இவ்வளவு பேசிவிட்டு என் படகில் எது இருக்கிறது என்று கேட்டால், பம்ப்தான். 20 கிலோவைத் தூக்கிப் படி ஏற முதுகு சம்மதிக்கவில்லை.

நண்பர் கழற்றுவதாக இருந்தால், வால்வை மூடி வைத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அசைக்காத வால்வ் இறுகும், அதில் தொங்கும் ஹோஸ் ஒருநாள் வெடிக்கும். இரண்டு ஓட்டையையும் ஃபைபர் போட்டு அடைப்பதுதான் முறை. ஹல் 10 மி.மீ. தடிமன் என்றால் ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 120 மி.மீ. சரிவாக இழைத்து, எபாக்சியில் துணி அடுக்க வேண்டும். 40 மி.மீ. ஓட்டைக்கு 28 செ.மீ. அகல வேலை இது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அப்போது விசைப்படகெல்லாம் கரையேறிவிடும், ஃபைபர் வேலைக்காரர் கை ஒழியாது. பிப்ரவரி, மார்ச்சிலேயே ஆளைப் பிடித்துவிடுங்கள்.