மெட்டாகிளாஸும் காணாமல் போன தண்ணிக் கழிவும்

பண்டாரவளையில் இருக்கிற தம்பி ஒருவன் போன வாரம் போன் எடுத்து, "அண்ணே, பைதன்ல மெட்டாகிளாஸ் படிக்கவா, விட்டுடவா?" என்று கேட்டான். பைதன் என்பது புரோகிராம் எழுதுகிற ஒரு மொழி. கிளாஸ் (வார்க்கிற அச்சு), ஒப்ஜெக்ட் (அந்த அச்சில் வார்த்த பொருள்), இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸில் உள்ளது அதன் பிள்ளைக் கிளாஸுக்கும் வருவது) எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஒரே ஒரு மெட்டாகிளாஸை வைத்துப் பத்து வருசமாகக் குடித்தனம் நடத்துகிறவன் நான். போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அந்த மெட்டாகிளாஸ் இருப்பது, ஹட்டன் பக்கம் சிறுதோட்டக்காரர்களிடம் தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஒருவருக்கு நான் எழுதிக்கொடுத்த கணக்கு புரோகிராமில். நிறுத்த கொழுந்தில் சாக்கு எடை கழியும், மழை நாளில் தண்ணிக் கழிவு, முத்தின இலைக்கு ஒரு கழிவு, லொறிக் கூலி வேறு. ஒவ்வொன்றும் ஒரு கிளாஸ். எல்லாவற்றுக்கும் தாய், 'கழிவு' என்ற கிளாஸ். கிளாஸுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கப் பைதன் 3 விடுகிறது, அது ஒரு தனிச் சந்தோசம்.

மெட்டாகிளாஸ் இதில் என்ன செய்கிறது? இன்ஹெரிட்டன்ஸ் என்பது யாருக்கு யார் பிள்ளை என்ற கதை. மெட்டாகிளாஸ் பிறப்பைப் பதிகிற பதிவாளர். ஒரு கிளாஸ் பிறக்கும்போதே அவர் கை பட்டுத்தான் வெளியே வரும். நாம் யாரையும் வைக்காவிட்டால் 'டைப்' என்பவர்தான் பதிவாளர். அவருடைய பிறப்பைப் பதிந்தது யார் என்று பைதனைக் கேட்டால் அதற்கும் 'டைப்' என்றே பதில் வரும். தன் சான்றிதழில் தானே கையெழுத்து வைத்த மனிதர்! தாய்க்கு ஒரு பதிவாளரை வைத்துவிட்டால் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் அவரிடமே போகும். என் பதிவாளருக்கு ஒரே வேலை, பிறக்கிற ஒவ்வொரு கழிவையும் ஒரு லிஸ்ட்டில் சேர்ப்பது. புதுக் கழிவு வந்தால் கிளாஸை எழுதினால் போதும், கணக்குச் சீட்டுப் போடுகிற பகுதியைத் தொடவே தேவையில்லை. முதல் தடவை அது தானாக வேலை செய்தபோது எழுந்து போய் ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டேன்.

இனி வயிற்றெரிச்சல். 2020 ஜனவரி 1 உடன் பைதன் 2க்கு ஆதரவு முடிந்தது. நானும் மெதுவாக 3க்கு மாற்றினேன். 2ல் கிளாஸுக்கு உள்ளே ஒரு வரியாக மெட்டாகிளாஸைச் சொல்ல வேண்டும். 3ல் அதைக் கிளாஸ் பெயருக்குப் பக்கத்து அடைப்புக்குறிக்குள் சொல்ல வேண்டும். பழைய வரியை அப்படியே விட்டால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை. அந்த வரி, கிளாஸோடு ஒட்டிய வெறும் ஒரு மதிப்பாக, சும்மா ஒரு அட்ரிபியூட்டாகக் கிடக்கும். திரையில் எழுதிக் காட்டுகிற பிரிண்டுக்கு அடைப்புக்குறி போடாவிட்டால் ஊரைக் கூட்டுகிற அதே பைதன்தான் இதற்கு வாயே திறக்கவில்லை.

அதனால் என் கழிவுகள் எல்லாம் பிறந்தன, ஆனால் பதிவில் ஒன்றுகூட இல்லை. ஆள் இருந்தும் பதிவில் பேர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று மலையகத்தில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. லிஸ்ட் காலி, அதில் உள்ள கழிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழிக்கிற லூப் ஒரு தடவைகூடச் சுற்றவில்லை. ஜூன் மழையில் சொட்டச் சொட்ட நனைந்த கொழுந்துக்கு முழு எடையும் கணக்கில் ஏறியது. கொழுந்து கொடுத்தவர்கள் யாரும் முறைப்பாடு செய்யவில்லை, ஏன் செய்யப்போகிறார்கள்? மூன்றாம் நாள் முதலாளிதான், "என்னப்பா, இந்த மழைக்குத் தண்ணியே விழலியா?" என்று கேட்டார்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். பைதன் 2ல் எழுதியதை 3க்கு மாற்ற, பைதனோடு கூடவே வந்த 'டூ டு த்ரீ' கருவியை ஓட்டியிருந்தால் அந்த வரியை அது மாற்றிக் கொடுத்திருக்கும். எனக்கு எல்லாம் தெரியும் என்று கையால் மாற்றினது நான்தான். இருந்தாலும் கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்புறம் இதற்கு நேர்மாறாக ஒன்று. கணக்கிடும் மெதட்டை (கிளாஸுக்குள் எழுதுகிற செயலை) எழுத மறந்த கழிவுக்கு ஒப்ஜெக்ட் உண்டாக்க விடக்கூடாது என்று, தாயை 'ஏபிசி' என்ற அப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்கும் பிள்ளையாக்கினேன். உடனே 'டைப்எரர்' என்று ஒரு பிழை, மெட்டாகிளாஸ் முரண் என்று. ஏபிசிக்கு 'ஏபிசிமெட்டா' என்று வேறு பதிவாளர். இரண்டு பதிவாளர்கள் உரிமை கொண்டாடினால் பைதன் பிள்ளையையே பிறக்க விடாது. ஒருவர் மற்றவருக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது இருவருக்கும் கீழே மூன்றாவதாக ஒருவரை உண்டாக்க வேண்டும். என் மெட்டாகிளாஸை டைப்புக்குப் பதிலாக ஏபிசிமெட்டாவிலிருந்து இன்ஹெரிட் செய்தேன், தீர்ந்தது. மாற்றியது ஒரு சொல், போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆனாலும் இது சத்தம் போட்டதே, அந்த மரியாதை அதற்கு உண்டு.

இதெல்லாம் தேவையா என்றால், இல்லை. 2016 டிசம்பரில் வந்த பைதன் 3.6லேயே 'இனிட் சப்கிளாஸ்' என்ற மெதட் வந்துவிட்டது. தாய் கிளாஸுக்குள் அதை எழுதினால், பிள்ளை பிறக்கும்போதெல்லாம் அது தானே ஓடும். மெட்டாகிளாஸ் வேண்டாம், பதிவாளர் சண்டையும் இல்லை. என் லிஸ்ட் வேலைக்கு மூன்று வரி போதும். ஆகவே தம்பி, எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள், எழுதப் போகாதே. மெட்டாகிளாஸுக்கு நான் போடுவது ஐந்துக்கு இரண்டு மார்க்.

என் புரோகிராமில் மெட்டாகிளாஸ் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எடுக்க மனம் வரவில்லை. நேற்று ஐந்தாவதாக ஒரு கழிவு எழுதினேன், தானாகப் போய் லிஸ்ட்டில் சேர்ந்தது. சீட்டையும் கையால் ஒரு தடவை கூட்டிப் பார்த்துக்கொண்டேன்.