ஷெல்-ஹா போனால் முதலில் சாப்பிட உட்காராதீர்கள்

மெக்சிகோவில் இருக்கும் ஷெல்-ஹா வாட்டர் பார்க்குக்கு நாங்கள் இரண்டு தடவை போயிருக்கிறோம். முதல் தடவை ஆளுக்கு 100 டாலருக்கு மேல் கொடுத்து வயிறு முட்ட பஃபே சாப்பிட்டுவிட்டு வந்தோம், அவ்வளவுதான். இரண்டாவது தடவை, போன நவம்பரில் தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு டாலஸிலிருந்து அம்மாவையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனதைத்தான் நான் கணக்கில் வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், காலை டிபன். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் பெயர். எழுதுவது Xel-Há என்று. எங்கள் ஆபீசில் பாதிப் பேர் 'எக்செல் ஹா' என்கிறார்கள், நாள் முழுக்க ஸ்ப்ரெட்ஷீட்டில் கிடக்கிறவர்களுக்கு வேறெப்படி வரும். மாயா மொழியில் அந்த எக்ஸ் எழுத்துக்கு 'ஷ' ஒலி. தண்ணீர் பிறக்கும் இடம் என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். மெக்சிகோவின் கின்டானா ரோ மாநிலத்தில், கான்கூனிலிருந்து தெற்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டரில், துலூம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் 307-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. இஷ்கரெட் (Xcaret) என்கிற இன்னொரு பெரிய பார்க்கை நடத்தும் அதே குழுமம்தான் இதையும் நடத்துகிறது.

வாட்டர் பார்க் என்றதும் அலைக்குளம், குளோரின் நெடி, ரெயின் டான்ஸ் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தால் அழித்துவிடுங்கள். இந்த இடம் இருக்கும் யுகடான் தீபகற்பம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழை மேலே ஆறாக ஓடாமல் கல்லுக்குள் இறங்கி, பூமிக்கடியிலேயே ஓடி, கடலோரத்தில் வந்து வெளியே தலைகாட்டும். அப்படி ஊற்றுத்தண்ணீரும் கடல்தண்ணீரும் கலக்கிற ஒரு பெரிய உப்பங்கழிதான் இந்த இடம், சுற்றிலும் காடு, கரையோரம் அலையாத்தி மரங்கள். அம்மா பார்த்தவுடனே "பிச்சாவரம் மாதிரி இருக்கேடி" என்றார். தண்ணீர் மட்டும் கண்ணாடி மாதிரி, அதுதான் வித்தியாசம்.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே டிக்கெட்டில் காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, நாள் முழுக்கக் குடிக்க எது வேண்டுமானாலும் (பார் உட்பட), ஸ்நார்க்கல் (குப்புற மிதந்தபடி தண்ணீருக்குள் பார்க்க முகமூடியும் மூச்சுக்குழாயும்), லைஃப் ஜாக்கெட், மிதக்கிற ட்யூப், துண்டு, லாக்கர் எல்லாம் அடக்கம். ஐந்து வயதுக்குக் கீழ் இலவசம், 5 முதல் 11 வரை விலை குறைவு, வயதைக் கேட்டால் காட்ட குழந்தையின் பாஸ்போர்ட் நகலை வைத்துக்கொள்ளுங்கள். தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் நடப்பது, அவர்கள் எடுக்கும் போட்டோ, இதற்கெல்லாம் தனிக் காசு. ஆன்லைனில் சில வாரங்கள் முன்னாடியே வாங்கினால் விலை குறையும். நேராக அவர்கள் தளத்திலேயே வாங்கிவிடுங்கள். முதல் தடவை நாங்கள் தங்கிய ஓட்டலில் வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே "பாதி விலைக்கு டிக்கெட் தர்றேன், நாளைக்குக் காலையில ஒரு தொண்ணூறு நிமிஷம் எங்க கூட டிபன் சாப்பிட்டாப் போதும்" என்கிற மாதிரி சொன்னார். என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, இவர் உடனே தலையாட்டிவிட்டார். தொண்ணூறு நிமிடம் மூன்றரை மணி நேரமானது, டைம்ஷேர், அதாவது வருடத்தில் சில நாள் தங்கும் உரிமையை, வாங்கச் சொல்லி மூன்று பேர் மாறி மாறி உட்கார்ந்து பேசினார்கள், கடைசியில் டிக்கெட்டைக் கையில் வாங்குவதற்குள் எனக்கு கான்கூன் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

அமெரிக்காவில் இருக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டில் காலாவதியாகாத அமெரிக்க விசா ஸ்டாம்ப் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம், கிரீன் கார்டு இருந்தாலும் வேண்டாம். ஸ்டாம்ப் முடிந்து அமெரிக்கக் குடிவரவுத் துறை கொடுக்கும் ஐ-797 ஒப்புதல் தாளை மட்டும் வைத்திருப்பவர்கள் இதை நம்பி விமானம் ஏறக்கூடாது. அம்மாவுக்குப் பத்து வருட விசிட்டர் விசா இருந்ததால் பிரச்சினை இல்லை.

அப்புறம் கடிகாரம். இது யாரும் சொல்லாத சமாசாரம். கின்டானா ரோ மாநிலம் 2015-லிருந்து வருடம் முழுக்க ஒரே நேரம்தான், கோடைக்கு முன்னே தள்ளுவது, குளிருக்குப் பின்னே தள்ளுவது எதுவும் கிடையாது. கோடையில் போனால் டாலஸ் நேரமும் கான்கூன் நேரமும் ஒன்று. நவம்பரில் போனால் கான்கூன் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். போன் தானாக மாறிக்கொள்ளும், இவர் கையில் கட்டியிருக்கிற மாமனார் கொடுத்த டைட்டன் மாறாது. அதைப் பார்த்துத்தான் முதல் தடவை "இன்னும் நேரமிருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வழி சுலபம். வாடகைக் கார் எடுத்தால் ஒரே நேர்ரோடு, பார்க்கிங் இலவசம். கார் வேண்டாம் என்றால் கான்கூனுக்கும் துலூமுக்கும் நடுவிலுள்ள ப்ளாயா தெல் கார்மென் ஊரிலிருந்து துலூம் போகும் 'கொலெக்டீவோ' வேன்கள் இருக்கின்றன, நம்ம ஊர் ஷேர் ஆட்டோவின் பெரிய அண்ணன், நிரம்பினால் கிளம்பும், சொன்ன இடத்தில் நெடுஞ்சாலை ஓரமாக இறக்கிவிடும். அங்கிருந்து உள்ளே நடக்க வேண்டும். குழந்தையும் பெரியவரும் இருந்தால் நான் இதைச் சொல்லமாட்டேன், நண்பர்களாகப் போனால் தாராளமாகச் செய்யலாம்.

இப்போது டிபன். காலையில் உள்ளே நுழைந்ததும் பஃபே வாசனை மூக்கைத் துளைக்கும். காசு கொடுத்திருக்கிறோமே என்று உட்காருவோம், உட்கார்ந்தால் ஒரு மணி நேரம், பழம், முட்டை, பான்கேக், இன்னொரு காபி. எழுந்து, ஊற்றுத்தண்ணீர் உப்பங்கழிக்கு ஓடிவரும் ஆற்றுப் பக்கம் போனால் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிய கூட்டம் முழுக்க அங்கே நிற்கும். முதல் தடவை இதையேதான் செய்தோம். நல்ல நேரம் என்பது கதவு திறந்த முதல் இரண்டு மணி நேரம்தான். வெயில் ஏறியிருக்காது, தண்ணீரைக் கால்கள் கலக்கியிருக்காது, மீன்கள் கரைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதனால் இந்தத் தடவை ஓட்டல் அறையிலேயே ஆளுக்கு இரண்டு வாழைப்பழம், அம்மா கட்டி வந்திருந்த தேங்காய் பர்ஃபி ஒரு துண்டு, அதோடு கிளம்பி கதவு திறக்கும்போதே வாசலில் நின்றோம்.

வாசலில் சன்ஸ்கிரீனைச் சோதிப்பார்கள். ஆக்ஸிபென்சோன் மாதிரி ரசாயனம் இருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் கேடு செய்யாத வேறொன்றைக் கொடுப்பார்கள், திரும்பும்போது நம்முடையதை வாங்கிக்கொள்ளலாம். நல்ல விதி. ஆனால் சன்ஸ்கிரீனையே நம்பாமல் முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொள்வது உத்தமம். ஸ்நார்க்கல் செய்யும்போது குப்புற மிதப்பதால் முதுகும் கெண்டைக்காலும் வேகும், நமக்குத் தெரியவே தெரியாது. இவருடைய கெண்டைக்கால் ஒரு வாரம் தோல் உரிந்தது. தண்ணீருக்குள் போடுகிற ரப்பர் செருப்பும் கட்டாயம், பாதை முழுக்கக் கல், மதியம் சுடும்.

ஆற்றின் தலைப்பக்கம் வரை சைக்கிளில் போகலாம், சின்ன ரயில் வண்டியும் உண்டு. நாங்கள் வண்டி. அங்கே ட்யூபில் உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் மெதுவாக, ரொம்ப மெதுவாக, அலையாத்திக்கு நடுவே கடல் பக்கமாகக் கொண்டுபோகும். அம்மா முதலில் மறுத்தார். நீச்சல் தெரியாது, சுரிதாரோடு எப்படி, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், வரிசையாக ஒவ்வொன்றாக. லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, பட்டையை இறுக்கி, நானும் இவரும் இரண்டு பக்கமும் பிடித்து உட்கார வைத்தோம். பத்து நிமிடத்தில் என் கையைத் தட்டிவிட்டார். சின்ன வயதில் கும்பகோணத்தில் அரசலாற்றில் தண்ணீர் வரும் மாதங்களில் மாமாக்களெல்லாம் லாரி ட்யூபில் மிதப்பார்களாம், பெண்பிள்ளைகளை இறங்க விடமாட்டார்களாம். அறுபத்து மூன்று வயதில் மெக்சிகோவில் வந்து அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். நான் பக்கத்தில் மிதந்துகொண்டு போட்டோ எடுக்கப் போனில்லாமல் தவித்தேன். போனுக்கு வாட்டர்ப்ரூஃப் உறை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

ஸ்நார்க்கலில் ஒரு விசித்திரம் உண்டு, தெரியாமல் போனால் முகமூடிதான் கோளாறு என்று நினைப்பீர்கள். ஊற்றுத்தண்ணீர் லேசானது, மேலே நிற்கும். உப்புத்தண்ணீர் கனம், கீழே நிற்கும். இரண்டும் உரசுகிற இடத்தில் எல்லாம் கலங்கலாகத் தெரியும், சர்க்கரைப் பாகைத் தண்ணீரில் விட்டால் கோடு கோடாக நெளியுமே, அப்படி. மேல் தண்ணீர் ஜில்லென்றும், காலை நீட்டினால் அடியில் வெதுவெதுப்பாகவும் இருக்கும். கடல் வாய்ப் பக்கம் போகப் போகத் தெளிந்துவிடும், மீனும் அங்கேதான் அதிகம். கிளிமீன், சங்கரா ஜாதியில் சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம், மணலில் திருக்கை, நீளமாக அசையாமல் நின்ற ஒரு சீலா. சீலாவைப் பார்த்ததும் நான் திரும்பிவிட்டேன், அது என்னை மதிக்கவே இல்லை.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு: முகமூடிக்குள் கண்ணாடி நுழையாது. இவருக்கு மைனஸ் ஐந்து. முதல் தடவை ஒரு மணி நேரம் நீந்திவிட்டு வந்தவரிடம் என்ன பார்த்தீங்க என்று கேட்டேன். "நீலமா இருந்துச்சு" என்றார். இந்தத் தடவை பவர் போட்ட ஸ்நார்க்கல் முகமூடி ஒன்றை ஆன்லைனில் வாங்கிக்கொண்டு போனோம், கான்டாக்ட் லென்ஸ் பழக்கம் இல்லாதவர்களுக்கு அதுதான் வழி. மனுஷன் இரண்டு மணி நேரம் கரைக்கு வரவில்லை.

பத்தரைக்கு மேல் போய்ச் சாவகாசமாகச் சாப்பிட்டோம். சைவர்கள் கொஞ்சம் கவனம். 'சின் கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மெக்சிகோவில் கோழி வரக்கூடும், அங்கே கார்னே என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். 'சின் போயோ, சின் பெஸ்காதோ' என்று கோழியையும் மீனையும் சேர்த்துச் சொல்லுங்கள். மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது அந்த ஊர் வழக்கம், 'மான்டெகா' இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுங்கள். சோள டோர்டியா ரொட்டி, சோறு, வாகமோலே என்கிற அவகாடோ மசியல், சப்பாத்திக்கள்ளி சாலட், பழம் என்று அம்மாவுக்குத் தட்டு நிறைந்துவிட்டது. ஹபனேரோ சட்னியை "இதென்ன காரம்" என்று ஒரு கரண்டி போட்டுக்கொண்டவர் அப்புறம் பேசவில்லை. ஆனால் புளித்தண்ணீர் வைத்திருந்தார்கள், 'தமாரிந்தோ', ஒரு வாய் குடித்துவிட்டு "பானகம்டி இது, சுக்கும் ஏலக்காயும் போட மறந்துட்டான்" என்று மூன்று டம்ளர் குடித்தார். வெளியே கையில் எதையும் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், கோவாட்டி என்று நீள மூக்கும் வரிவாலுமாக ஒரு பிராணி திரிகிறது, நம்ம ஊர்க் கோயில் குரங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி.

மதியம் மகளும் இவரும் 40 மீட்டர் உயரக் கலங்கரை விளக்குக் கோபுரத்தில் ஏறி, சறுக்கி இறங்கி, திரும்ப ஏறி, அதிலேயே இருந்தார்கள். அம்மா மரத்தடித் தூளியில் படுத்துத் தூங்கிவிட்டார். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன், அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறோம்.

குறை என்று சொல்ல வேண்டுமானால், பவளப்பாறை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த இடம் இல்லை. அதற்கு கோசுமெல் தீவு, கடலாமைக்கு பக்கத்து அகுமால். தண்ணீரில் யாருமே இறங்காத குடும்பம் என்றால் இந்த விலை நஷ்டம், இஷ்கரெட் போய்விடுங்கள், அங்கே ராத்திரி நாடகமும் ஆட்டமும் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அவ்வப்போது வடக்கிலிருந்து குளிர்காற்று அடிக்கும், அன்றைக்கு இந்தத் தண்ணீரில் இறங்கினால் பல் கிட்டும், அதனால் முதல் நாளே முன்னறிவிப்பைப் பாருங்கள். செப்டம்பர், அக்டோபர் புயல் மாதங்கள்.

நெடுஞ்சாலைக்கு எதிர்ப்பக்கம் அதே பெயரில் மாயா காலத்து இடிபாடுகள் இருக்கின்றன, தனி டிக்கெட். 1527-இல் ஸ்பானியர்கள் வந்து இறங்கிக் குடியேறப் பார்த்ததும் இந்த வட்டாரம்தான். ஒரு சுவரில் பறவைகள் தீட்டியிருக்கிறார்கள், வண்ணம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதே நாளில் திணிக்க வேண்டாம், மறுநாள் துலூம் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

நாலு மணிக்கு மேல் பஸ் கூட்டம் கிளம்ப ஆரம்பித்ததும் ஆறு திரும்பக் காலியானது. இன்னொரு சுற்றுப் போகலாமா என்று நான் கேட்பதற்குள் பாட்டியும் பேத்தியும் லைஃப் ஜாக்கெட்டோடு வண்டிக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அந்தச் சுற்று முடிந்து வந்தபோது இருவருக்கும் விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிருந்தது, காரில் ஏறி ப்ளாயா வருவதற்குள் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். மாற்று உடுப்பைப் பெட்டியில் வைக்காமல் காரிலேயே வையுங்கள், ஈரத் துணியோடு ஏசியில் வந்து எனக்கு ஜலதோஷம் பிடித்தது.